'போயிருந்தேன்' எல்லாம் 'ஹாட் கோன்' இல்லை: ஹாவ் வினையில் வழுக்கும் இடங்கள்

'ஹீ ஹாவ்' என்று யாராவது சொன்னால் பக்கத்தில் இருப்பவரே 'ஹீ ஹாஸ்' என்று திருத்திவிடுவார். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. யாரும் திருத்தாமல் விடுகிற பிழைகள்தான் ஆபத்தானவை. ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்கு நேற்றுச் சேர்ந்த பிள்ளையும், பத்து வருடமாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் கிளார்க்கும் அவற்றில் ஒன்றுபோலவே வழுக்குகிறார்கள். தமிழின் 'இரு' வருகிற இடமெல்லாம் ஹாவ் (have) அல்லது அதன் இறந்தகாலமான ஹாட் (had) வரும் என்று மனம் கணக்குப் போடுவதே முக்கிய காரணம்.

நேற்றுப் போயிருந்தேன்

'நேத்து கொழும்புக்குப் போயிருந்தன்.' தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. இதையே ஆங்கிலத்தில் சொல்லும்போது 'இருந்தன்' என்ற வால் ஹாட் ஆகிவிடுகிறது: 'ஐ ஹாட் கோன் டு கொழும்பு யெஸ்டர்டே.' தனியாக நின்றால் இது பிழை. 'ஐ வென்ட் டு கொழும்பு யெஸ்டர்டே' போதும்.

தமிழில் 'போயிருந்தேன்' என்றால் போனதும் வந்ததும் முடிந்த கதை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இன்னொரு வினைக்கு முன்னால் வரும் ஹாட் அப்படி இல்லை. அதற்கு இரண்டு சம்பவங்கள் வேண்டும், இரண்டும் கடந்தகாலத்தில் இருக்க வேண்டும், முதலில் நடந்ததற்குத்தான் ஹாட். மட்டக்களப்பு ஸ்டேசனுக்கு ஓடிப்போகிறோம், அதற்குள் ரயில் போய்விட்டது: 'வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், உதயதேவி ஹாட் லெஃப்ட்.' நாம் போய்ச் சேர்ந்தது பிந்தியது, ரயில் கிளம்பியது முந்தியது. இங்கே தமிழும் 'போய்விட்டிருந்தது' என்று சொல்லும். இப்படி இரண்டு மொழியும் எப்போதாவது ஒத்துப்போவதால்தான் மற்ற இடங்களிலும் ஏமாறுகிறோம்.

பேச்சில் என்றால் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். எழுத்தில்தான் விலை கொடுக்க நேரும். 'ஐ ஹாட் லாஸ்ட் மை பாஸ்போர்ட்' என்று ஒரு வெளிநாட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போகிறது. படிப்பவர் அடுத்த சம்பவத்தைத் தேடுவார்: தொலைத்திருந்தார், மறுகா? கிடைத்துவிட்டதா? எழுதியவருக்கோ பாஸ்போர்ட் இன்னும் கிடைக்கவில்லை. அவர் எழுதியிருக்க வேண்டியது 'ஐ ஹாவ் லாஸ்ட் மை பாஸ்போர்ட்', அதாவது தொலைந்தது தொலைந்தபடியே இருக்கிறது. எந்த நாள் என்றும் சொல்ல வேண்டுமானால் 'ஐ லாஸ்ட் மை பாஸ்போர்ட் ஆன் மண்டே.' 'ஐ ஹாட் பெய்ட் த ஃபீ' என்பதிலும் இதே குழப்பம்தான். கட்டிய காசைத் திருப்பி வாங்கிவிட்டாரோ என்று நினைக்கவும் அதில் இடமுண்டு.

இப்படி ஹாட் எழுதியதும் 'எதற்கு முன்?' என்று கேளுங்கள். 'ரயிலடிக்குப் போய்ச் சேருவதற்கு முன்' என்பதுபோல ஒரு பதில் அந்த வசனத்திலோ முந்திய வசனத்திலோ இருந்தால் ஹாட் நிற்கலாம். இல்லையென்றால் வெட்டிவிட்டு வென்ட், பெய்ட், லாஸ்ட் என்று சாதாரண இறந்தகாலத்தைப் போடுங்கள்.

இதன் தம்பி சுயவிபரக்கோவையில் இருப்பான்: 'ஐ ஹாவ் பாஸ்ட் ஓ.எல். இன் 2018.' (ஓ.எல். என்பது சாதாரண தரப் பரீட்சை.) முடிந்துபோன திகதியோடு ஹாவ் ஒட்டாது. ஆண்டு வேண்டுமென்றால் 'ஐ பாஸ்ட் ஓ.எல். இன் 2018.' ஹாவ் வேண்டுமென்றால் ஆண்டை எடுத்துவிடுங்கள். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ இயர்ஸ் அகோ எல்லாம் இந்தக் கூட்டம்தான்.

பீனா, கோனா?

அறுகம்பையில் ஒரு ஹோட்டல் வரவேற்பு மேசை. மனேஜர் எங்கே என்று வெள்ளைக்காரர் கேட்கிறார். அவர் இப்போது பொத்துவிலில் நிற்கிறார் என்றால் 'ஹீ ஹாஸ் கோன் டு பொத்துவில்.' 'ஹீ ஹாஸ் பீன் டு பொத்துவில்' என்றால் போய்த் திரும்பிவிட்டார், அல்லது எப்போதோ ஒருமுறை போன அனுபவம் உண்டு. தமிழில் இரண்டுக்கும் 'போயிருக்கிறார்'தான். அதனால் தன்னைப் பற்றிப் பேசும்போது 'ஐ ஹாவ் கோன் டு கண்டி' என்று வாய் தவறுகிறது. நேரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. கண்டிக்குப் போனவர் இங்கே எப்படி நிற்கிறார்?

அஞ்சு வருசமா வேலை செய்யிறன்

தமிழில் நிகழ்காலம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் வேர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்றால் ஒரே வசனத்தில் இரண்டு பிழை. 'ஐ ஹாவ் பீன் வேர்க்கிங் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்' என்பதே சரி. கால அளவுக்கு ஃபோர், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ்: ஃபோர் ஃபைவ் இயர்ஸ், சின்ஸ் 2019. ஹாவை விட்டுவிட்டு 'ஐ வேர்க்ட் ஹியர் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினாலோ, வேலையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்

'ஹாவிங்' என்றால் சாப்பிடுவது என்றும் பொருள் வரும்; சகோதரங்களைச் சாப்பிட முடியாது. சொந்தம், உடைமை என்றால் 'ஐ ஹாவ்.' சாப்பாடு, விருந்து, கஷ்டம் என்றால் 'ஹாவிங்' வரலாம்: 'வீ ஆர் ஹாவிங் லஞ்ச்.'

டிட் யூ ஹாட்?

டிட் வந்தால் ஹாவ்.

முடி வெட்டினேன்

கத்தரிக்கோல் சலூன்காரரின் கையில் இருந்தாலும் 'முடி வெட்டினன்' என்றுதான் சொல்கிறோம். மேசன் கட்டினாலும் 'வீடு கட்டினன்'தான். 'ஐ கட் மை ஹேர்' என்றால் கேட்பவர் நீங்களே கண்ணாடி முன்னால் நின்று வெட்டியதாகத்தான் எடுப்பார். இன்டர்வியூவில் 'ஐ ரிப்பேர்ட் மை பைக்' என்றால் அடுத்த கேள்வி இஞ்சினைப் பற்றி வரலாம். பதில் தயாராக இருக்கிறதா?

பிறர் கையால் செய்வித்ததற்கு ஹாட், பிறகு பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம்: 'ஐ ஹாட் மை பைக் ரிப்பேர்ட்.' அந்த வரிசையைக் குலைக்கக் கூடாது. 'ஐ ஹாட் ரிப்பேர்ட் மை பைக்' என்று பொருளைப் பின்னால் தள்ளினால் கராஜ்காரர் காணாமல் போய்விடுவார். நீங்களே ஸ்பானரைப் பிடித்ததாக ஆகும். அதோடு கேட்பவர் மறுபடியும் 'எதற்கு முன்?' என்று காத்திருப்பார்.