மார்பு பயாப்சி: புதுசா வர்ற பிள்ளைங்க செய்யுற தப்புகள்

நாகர்கோவில் பக்கம் ஒரு லேப்ல திசு பார்க்குற வேலை எனக்கு. புதுசா சேர்ற நர்சுங்க, டெக்னீஷியனுங்க எல்லாம், நாங்க அந்தக் காலத்துல செஞ்ச தப்பையே திரும்பச் செய்யுறாங்க. கிளவுஸ் போடு, பேரு எழுதுங்கிறதெல்லாம் எல்லாரும் சொல்லுவாங்க, அதை விடுறேன்.

சலைன்ல போட்டு அனுப்புறது

இன்னிக்கும் கோவம் வர்ற தப்பு இது. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே 14 கேஜ் தடிமன் ஊசியால மார்புக் கட்டியில நாலஞ்சு துண்டு எடுக்குறாங்க (பயாப்சின்னா இதுதான்), ஒவ்வொண்ணும் சேமியா மாதிரி இருக்கும், அதைக் கையில கிடைச்ச சலைன்லயோ ஸ்பிரிட்லயோ போட்டு குளச்சல்ல இருந்து பஸ்ல குடுத்துவிட்டா என்ன ஆகும்? சலைன்ல கிடந்தா திசு கெட ஆரம்பிச்சிடும். கேன்சரா இல்லையான்னு ஒருவேளை சொல்லிடலாம், ஆனா எந்த மருந்து கேட்கும்னு காட்டுற ஈஆர், பிஆர், ஹெர்2 டெஸ்ட்டை நம்ப முடியாது. ஈஆர், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பி, உள்ள கட்டிக்கு இல்லைன்னு வந்துட்டா, வருஷக்கணக்கா சாப்பிட வேண்டிய ஹார்மோன் மாத்திரை அந்த அக்காவுக்குக் கிடைக்காமலே போயிடும்.

அப்படி ஒரு கேஸ்ல திரும்ப எடுக்கணும்னு சொன்னப்ப, கூட வந்த அம்மா கேட்டாங்க, "மறுபடியும் குத்தணுமா மக்ளே, பிள்ளை தாங்குவாளா?" வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போக வச்சிருந்த தேதியும் தள்ளிப்போச்சு.

எடுத்த உடனே, அதிகம் போனா ஒரு மணி நேரத்துக்குள்ள, திசு கெடாம காக்குற 10 சதவீத பஃபர் ஃபார்மலின்ல போடுங்க. துண்டைப் போல பத்து மடங்காவது ஊத்தணும். வாங்குற கெட்டி ஃபார்மலினை அப்படியே ஊத்தக் கூடாது. ஹார்மோன் டெஸ்ட் சரியா வரணும்னா 6 மணி நேரமாவது ஊறணும், 72 மணி நேரம் தாண்டக் கூடாது, அதனால காலையில எடுத்துட்டு மதியமே ரிப்போர்ட் கேட்காதீங்க, பொங்கல் லீவுக்கு முந்தின நாள் எடுத்து அலமாரியில வச்சிட்டு ஊருக்கும் போயிடாதீங்க.

பயாப்சி இல்லாம கட்டியை அறுத்து எடுக்குறது

முதல்ல ஊசி. கேன்சர்னு பிறகு தெரிஞ்சா பெரும்பாலும் ரெண்டாவது ஆபரேஷன்தான்.

சத்தத்தைச் சொல்லாம விடுறது

துண்டு எடுக்குற ஊசி கன்னை அடிக்கும்போது டக்குனு சத்தம் கேட்கும். சொல்லாம விட்டா ஆளு பதறி அசைஞ்சிடுவாங்க, ஊசி உள்ள இருக்கும்போது அது ஆபத்து. ஒரு தடவை வெளிய அடிச்சுக் காட்டிட்டுத் தொடங்குங்க.

ரத்தத்தை இளக வைக்கிற மாத்திரை

கேட்காம ஊசி எடுக்காதீங்க. நிறுத்துறதா வேண்டாமான்னு டாக்டர் சொல்லட்டும்.

படிவம்

வலதா இடதா, மார்பைக் கடிகாரமா வச்சுப் பார்த்தா கட்டி எத்தனை மணி இடத்துல இருக்கு, ஃபார்மலின்ல போட்ட நேரம், மூணும் வேணும். நேரம் இல்லாம வந்தா போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன்.