திக்குற புள்ளையோட சிகிச்சையில வீட்டாளுங்கள சேக்கும்போது நாம விடுற தவறுகள்

போன மாசம் நம்ம பேச்சு சிகிச்சை வேலைக்கு புதுசா வந்த ஒரு தங்கச்சி, திக்குற 4 வயசு பையனோட அம்மாவுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்து அனுப்பிட்டு, மூணு கிழமை கழிச்சு "அக்கா, அந்தம்மா வீட்டுல ஒண்ணுமே செய்யல"ன்னு வந்து நின்னா. இதே வார்த்தைய நானும் ஒரு காலத்துல ஃபைல்ல எழுதியிருக்கேன், அதான் இத எழுத வேண்டியதா போச்சு. "மெதுவா பேசு"ன்னு சொல்லக்கூடாது, புள்ள சொல்ல வர்ற வார்த்தைய நாம முடிக்கக்கூடாது, அதெல்லாம் படிச்சுட்டுத்தான் வந்திருப்பீங்க, விட்டுர்றேன்.

அம்மாவுக்கு மட்டும் சொல்லிக்குடுத்து அனுப்புறது

இன்னைக்கும் எனக்கு கோவம் வர்றது இதுலதான். கிளினிக்குக்கு வர்றது அம்மா, அதனால அம்மாதான் குடும்பம்னு நெனச்சுக்கிறோம். நம்ம இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துல அம்மா விடியமுன்ன சமைச்சு வச்சுட்டு பெரட்டுக்கு (காலையில வேலை பிரிச்சுக் குடுக்குற எடம்) போயிரும், கொழுந்து நிறுத்துட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) வர சாயந்தரமாகிரும், புள்ள பகல் பூரா அப்பாயிகிட்ட, இல்லாட்டி தோட்டத்து புள்ளைங்கள பாத்துக்குற பிள்ளை மடுவத்துல. நம்மகிட்ட வர்ற அன்னைக்கு அந்தம்மாவுக்கு பேரும் (அன்னைக்கு கூலி) இல்ல.

ஹட்டன் பக்கம் ஒரு குடும்பம். லண்டன்ல திக்கலுக்குன்னே இருக்கிற பேலின் சென்டர் முறைப்படி கிழமைக்கு மூணு இல்லாட்டி அஞ்சு தடவ, தடவைக்கு 5 நிமிசம் புள்ள இழுக்கிற போக்குலயே வெளையாடுங்க, நீங்க நிதானமா பேசுங்கன்னு சொன்னேன், அம்மா தலையாட்டுச்சு. அடுத்த தடவ பையன் வார்த்தை வராம கண்ண இறுக்கி மூடிக்கிட்டு முக்குறான், முன்ன அது இல்ல. "ஒத்துழைப்பு இல்ல"ன்னு எழுதிட்டேன். அப்புறம் ஒரு நாள் லயத்துக்கே போனா, அப்பாயி வசம்ப உரசி நாக்குல தடவுறாங்க, அவன் திக்குறப்பல்லாம் "திரும்ப சொல்லு, ஒழுங்கா சொல்லு"ங்கிறாங்க. அவங்க மூத்த மகனும் திக்குவாராம், கேலி தாங்காம அஞ்சாம் வகுப்போட நின்னுட்டாராம், பேரனுக்கும் அப்படி ஆகிருமோன்னு பயம். திக்கல் பரம்பரையா வரும்னு தெரிஞ்ச நான், அம்மா பக்கத்த மட்டும் விசாரிச்சுட்டு அப்பா பக்கத்த கேக்கவே இல்ல!

வசம்பு வேணாம் அப்பாயின்னு சொல்லிட்டு அந்த 5 நிமிசத்த அவங்க கையில குடுத்தேன். பேரனும் அவங்களும் கோழிக்கு தீனி போடுற நேரம், அவன் என்ன சொல்றான்னு மட்டும் கேட்டாங்க. மூணு மாசத்துல கண்ண மூடி முக்குறது நின்னுச்சு, திக்கல் முழுசா போகல, ஆனா வாயத் தொறக்க பயப்படல. இப்பல்லாம் நான் மொதல்ல கேக்குறதே "பகல்ல புள்ள யாருகிட்ட?"ன்னுதான்.

சின்னப் புள்ளைங்க திக்கலுக்கு சிட்னில உருவான லிட்கம் முறைய எடுத்தா இன்னும் கவனம். திக்காம பேசுறப்ப பாராட்டுறதுதான் அதுல பெரிய பங்கு, வீட்டுக்கு போனதும் அது திருத்துறதாவே மாறிரும், அதனால வீட்டாள நம்ம முன்னாலயே செய்ய வச்சு பாத்துருங்க.

"தானா சரியாகிரும்"னு அனுப்புறது

நூத்துல 5 புள்ளைங்களுக்கு கிட்ட ஒரு கட்டத்துல திக்கும், நெறைய பேருக்கு தானா போயிரும், உண்மதான். ஆனா 6 மாசம் தாண்டிருச்சு, ஆம்பளப்புள்ள, குடும்பத்துல வேற யாருக்கோ இருக்கு, முக்குறான்னா காத்திருக்காதீங்க.

யாரு குத்தம்னு தேடுறது

வளப்புனால திக்கல் வராது. இத அம்மாகிட்ட மொத நாளே வாய் தொறந்து சொல்லுங்க.

தமிழோட பேசுற சிங்களத்த நிறுத்த சொல்றது

அப்படி சொல்லவே வேணாம்.

அச்சடிச்ச பேப்பர் குடுக்குறது

அந்த அப்பாயிக்கு வாசிக்க தெரியாது. அம்மா ஃபோனுக்கு வாட்ஸ்அப்புல வாய்ஸ் அனுப்பினேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாருமா உக்காந்து கேட்டிருக்காங்க.