தோட்டத்து மண்ணில் பேஜ் பிடிப்பது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் போயிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். 1915இல் டுவார்ட், 1917இல் டெரெல் என்ற ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள், ஆனால் உங்கள் லயத்து வாழையடியில் இருப்பதை இன்னும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் மண். லீவுக்கு வீட்டுக்கு வரும்போது எடுங்கள். வெயிலில் காய்ந்த செம்பனை வரிசை மண் வேண்டாம். நான் அதைத்தான் எடுத்தேன், மூன்று வளர்ப்புத் தட்டிலும் பேஜ் ஒன்றும் வரவில்லை. மாட்டுக்கொட்டகை ஓரம், வாழைத்தண்டு மக்கிக் கிடக்கும் இடம், அங்கே இரண்டு கரண்டி ஈரமண் போதும். இடத்தையும் தேதியையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் ஆய்வுக்கூடத்தில், விரிவுரையாளர் பக்கத்தில் இருக்கும்போதுதான். மண்ணில் திரவ ஊடகம் (பாக்டீரியா வளர்க்கும் சத்து நீர்) ஊற்றிக் குலுக்கி, தெளிந்த மேல்நீரை 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் பாக்டீரியா தங்கிவிடும், பேஜ் கடந்துவிடும். அதில் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸையும் கொஞ்சம் கால்சியம் குளோரைடையும் சேர்த்து 37 பாகையில் இரண்டு நாள் குலுக்கினால், இருக்கும் பேஜ் பெருகும். (காசநோய்க் கிருமிக்குச் சொந்தம்தான், ஆனால் பாதுகாப்பானது என்று மாணவர்களுக்குக் கொடுப்பது இதைத்தான்.) மறுபடி வடிகட்டி, புது பாக்டீரியாவோடு மென் அகாரில் (ஆறினால் இறுகும் கூழ்) கலந்து தட்டில் ஊற்றுங்கள். அகார் கொதிக்கக் கொதிக்க இருந்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

ஒன்றிரண்டு நாளில் பாக்டீரியாப் படலத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். பேஜ் பாக்டீரியாவைக் கொன்ற இடம் அது, அதுதான் பிளேக். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்! ஒரு தட்டில் இரண்டு மூன்று வகை பேஜ் கலந்திருக்கலாம், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அதனால் தனியாக நிற்கும் ஒரே ஒரு பிளேக்கைத் தொட்டெடுத்து, நீர்த்து, திரும்ப வளர்த்து, மூன்று தடவையாவது இதையே செய்யுங்கள். ஒரு வாரம் கூடப் போகும், போகட்டும். கலப்போடு டிஎன்ஏ எடுத்தால் பிறகு வரும் எந்த முடிவையும் நம்ப முடியாது.

அப்புறம் எண்ணிக்கை. 1,00,000 மடங்கு நீர்த்ததில் 0.01 மில்லிலிட்டர் போட்டு 42 பிளேக் வந்தால், மூலத்தில் மில்லிலிட்டருக்கு 420 மில்லியன். பிளேக் தெளிவா மங்கலா என்பதையும் எழுதுங்கள்: மங்கலானது பெரும்பாலும் பாக்டீரியாவுக்குள் ஒளிந்து வாழத் தெரிந்த பேஜ். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தலையும் வாலும் பார்க்கலாம், டிஎன்ஏவை நொதியால் வெட்டி மற்றவர்களின் பேஜோடு ஒப்பிடலாம்.

கண்டுபிடித்தவர்தான் பெயர் வைப்பார். அந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று பேஜ்களைப் பதிந்து வைக்கும் பேஜஸ்டிபி (PhagesDB) தரவுத்தளத்தில் தேடிவிட்டு, உங்கள் தோட்டத்துப் பெயரையே வையுங்கள்.