கண் இருக்கு எண்டு நம்பி கமராவப் படிக்காம விடுறது

ஞாயிறு பின்னேரம் காலிமுகத்திடலுக்குப் போனா பட்டம் விடுறவங்களுக்கு நடுவுல கமராவோட நிறையப் பிள்ளைகள் நிக்கிறாங்க, அவங்க விடுற பிழையப் பாத்தா நான் முந்தி விட்ட அதே பிழை தான். பேட்டரி சார்ஜ், லென்ஸ் துடைக்கிறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அத விடுவம்.

"உனக்கு இயற்கையாவே கண் இருக்கு"

இத நம்பினதால தான் எனக்குப் பெரிய நட்டம். பம்பலப்பிட்டியில சொந்தத்துல ஒரு அக்காட கலியாணம், கெட்டிமேளம் கேக்குது, ஒரு பக்கம் குத்துவிளக்கு, அக்காட குனிஞ்ச முகம், மாப்பிள்ளைட கையில தாலி, ஃபிரேம் அவ்வளவு அழகா வந்திச்சு. ஆனா ஐ.எஸ்.ஓ.வ, அதாவது வெளிச்சத்துக்குக் கமரா காட்டுற உணர்திறன, காலையில வெளியில எடுத்த 400லயே விட்டிருந்தன், உள்ளுக்கு வெளிச்சம் குறைவு, கமரா ஷட்டர் வேகத்த 1/15 செக்கனுக்கு இறக்கிட்டுது. வீட்ட வந்து பாத்தா விளக்கு நிக்குது, கை ரெண்டும் புகை மாதிரி. 3200க்கு ஏத்தியிருந்தா மூண்டு ஸ்டாப், அதாவது மூண்டு தரம் இரட்டிப்பு, 1/125 கிடைச்சிருக்கும், கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் தாலி தெரிஞ்சிருக்கும். அக்கா ஒண்டும் சொல்லல்ல. ஆல்பத்துல அந்தப் பக்கத்துல வேற யாரோ போன்ல எடுத்த படம் இருக்கு, இப்பவும் பாத்தா எனக்கு வயிறு எரியும்.

இலங்கைட பழைய படப்பிடிப்பாளர் லயனல் வெண்டக் காட்டி "அதெல்லாம் பிறவியில வாறது" எண்டு சொன்னா எனக்குக் கோவம் வரும். லண்டன்ல சட்டமும் பியானோவும் படிச்சிட்டு வந்த மனுசன், 1930கள்ல தான் படத்துல முழுசா இறங்கினார், டார்க்ரூம்ல சோலரைசேஷன் (படம் கழுவுற நேரம் நடுவுல வெளிச்சம் காட்டுறது) அது இது எண்டு செஞ்சு செஞ்சு பாத்தவர், 1944ல 44 வயசுல போயிட்டார். பியானோக்காரருக்குப் பயிற்சி எண்டா என்னண்டு தெரியாதா?

புது லென்ஸ் வாங்கினா சரியாகும்

ஆகாது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சாரி

வெளிச்சம் அளக்கிற கமரா மீட்டர் அதச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன +1 வைங்க, படம் ஒரு ஸ்டாப் வெளிச்சமாகும்.

"எனக்கு டேலண்ட் இல்ல"

இதுவும் அதே பிழை தான், மறுபக்கம். ஒரு தங்கச்சி புறக்கோட்டையில சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால வண்டில் தள்ளுற நாட்டாமிமார எடுத்து, ஆடின படம் எல்லாத்தையும் அங்கயே அழிச்சிட்டு இருந்தா. அழிக்காத, ஒவ்வொண்டுலயும் ஷட்டர் எவ்வளவு எண்டு பாத்து எழுது எண்டு சொன்னன். நாலு சனிக்கிழமை போனா. நேத்து அனுப்பின படத்துல நாட்டாமி அண்ணாட முகம் கூர்மையா நிக்குது, பின்னால பள்ளிட சிவப்பு வெள்ளைக் கோடெல்லாம் இழுபட்டு ஓடுது. கீழ அவவே எழுதியிருக்கா: 1/30, வண்டிலோட சேர்ந்து திரும்பினது.