படிப்பிக்கிறவர்களும் உடற்பயிற்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாள் முழுக்க நிண்டுதானே ரீச்சர் படிப்பிக்கிறம், இதுக்கு மேல என்ன எக்சசைஸ்?" மட்டக்களப்பில் எந்தப் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறைக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சொல்கிறவர் சோம்பேறி இல்லை. எட்டுப் பாடவேளையில் ஆறு ஏழு வகுப்பை எடுத்துவிட்டு, தொண்டை காய்ந்துபோய் வந்து உட்காருகிறவருக்கு உடம்பு களைத்திருப்பது உண்மைதான். ஆனால் களைப்பு வேறு, பயிற்சி வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதில்தான் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பலர் வழுக்குகிறார்கள்.

ஒரே இடத்தில் நிற்கும்போது மூச்சு வாங்குவதில்லை, இதயத்துடிப்பும் பெரிதாகக் கூடுவதில்லை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை சரியாக நடக்காமல் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. பின்னேரமானால் கணுக்கால் வீங்குவதும், வருடங்கள் போகப்போக முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு புடைப்பதும் இதனாலும்தான். சீமெந்துத் தரையில் மெல்லிய செருப்போடு நிற்பவர்களுக்குக் குதிக்கால் வலியும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நிற்பது பயிற்சிக்கு ஈடாகாது. அதுவே உடம்புக்கு ஒரு பாரம், அதைத் தாங்கத்தான் பயிற்சி தேவை.

வகுப்பிலேயே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதும் நேரத்தில் மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு குதிக்கால்களையும் உயர்த்துங்கள். இரண்டு நொடி அப்படியே நின்று மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தடவை செய்தால் போதும். சேலைக்கும் அபாயாவுக்கும் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. இதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பின்னேரம் நடக்கப் போவதற்குக் கால்களை மிச்சம் வைக்கிற வேலை இது.

அடுத்தது நேரம். கூடுதலான ஆட்கள் இதில்தான் விட்டுவிடுகிறார்கள். ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுமுன் கையொப்பம் வைத்தால் ஒன்றரைக்கு மணி அடிக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு, "அரை நாள் வேலைதானே, பின்னேரம் முழுக்க உங்களுக்குத்தானே" என்று தோன்றும். நாங்களும் அதை நம்பி, பயிற்சியைப் பின்னேரத்துக்கு என்று ஒதுக்குகிறோம். அந்தப் பின்னேரம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ வீட்டுக்கு வர இரண்டு, இரண்டரை. பசியில் சோறும் மீன்குழம்பும் ஒரு பிடி கூடவே இறங்கும். மின்விசிறிக்குக் கீழே 'சும்மா கொஞ்சம்' சரிந்தால் நாலு மணிக்குத் தலை கனத்து எழும்புகிறோம். தேநீர், பிள்ளையை ரியூசனுக்குக் கொண்டு விடுவது, நாளைக்குரிய பாடக்குறிப்பு, கொப்பி திருத்துவது. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். அந்த நாளில் எங்களுக்கென்று இருந்த ஒரே இடைவெளி, வீட்டுக்கு வந்ததற்கும் உட்கார்ந்ததற்கும் இடையிலான சில நிமிடங்கள்தான்.

அதனால் என் பரிந்துரை இது: உட்காருவதற்கு முன் செய்யுங்கள். பாடசாலை உடுப்பை மாற்றும்போது நேராகப் பயிற்சி உடுப்புக்கே மாறுங்கள். வெளியே வெயில் கொளுத்தும், வைகாசி, ஆனியில் கச்சான் என்ற வரண்ட காற்றும் சேர்ந்து வாட்டும். ஆகவே அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளேயே பதினைந்து நிமிடம் போதும். கதிரையில் உட்கார்ந்து கையூன்றாமல் எழும்புவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கி இறக்குவது. பிறகு மேல் கழுவிவிட்டுச் சாப்பிடலாம். அந்நேரம் வரை பசி தாங்க வேண்டுமென்றால் இடைவேளையில் பணிஸோடு நிறுத்தாமல் அவித்த கடலையோ பயறோ ஒரு கை சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிட்ட உடனே படுக்காமல் முற்றத்திலோ விறாந்தையிலோ பத்து நிமிடம் மெல்ல நடந்தால் இரத்தத்தில் சீனி ஏறுவது குறையும். சீனி வருத்தம் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் மிக முக்கியம்.

"முழுசா ஒரு மணித்தியாலம் கிடைச்சாத்தான் செய்வன்" என்று காத்திருப்பதையும் விட்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரையான மிதமான பயிற்சி. ஒரே தடவையில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லியிருந்தார்கள். 2020 இல் வந்த வழிகாட்டலில் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். மிதமான பயிற்சி என்றால் என்ன? நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. அந்த வேகம்தான். காலையில் பஸ்ஸிலிருந்து ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்கி விறுவிறுவென்று நடப்பதும் இதில் சேரும். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போய்வரும் ஆசிரியர்களுக்குப் 'பாதை' என்ற மிதவைப் படகுக்காகக் காத்திருந்த நேரம் மிச்சமாகியிருக்கிறது. அதில் கொஞ்சத்தையாவது உடம்புக்குக் கொடுக்கலாம்.

சரி, விடியற்காலையில் செய்தால் என்ன? செய்யலாம், நித்திரையை வெட்டாமல் இருந்தால். இரவு பதினொன்றரை வரை வினாத்தாள் திருத்திவிட்டு நாலரைக்கு அலாரம் வைப்பதைப் பார்க்கிறேன். இது நல்லதில்லை. ஏழு மணித்தியாலமாவது தூங்காத உடம்பு அடுத்த நாள் இனிப்பையும் தேநீரையும்தான் தேடும், வகுப்பில் கோபமும் சட்டென்று வரும். சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறவர்களுக்கு இது இலகு. காத்தான்குடி, மருதமுனைப் பக்கம் தொழுதுவிட்டு அப்படியே கடற்கரைக்கு இறங்கலாம். மற்றவர்கள் வெள்ளென எழும்ப வேண்டுமென்றால் முதலில் வெள்ளெனப் படுக்க வேண்டும். நோன்பு மாதத்தில் கடினமான பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நடப்பதற்கு எங்களிடம் இடத்துக்குக் குறைவில்லை. 2013 இல் கல்லடியில் புதிய பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் அதில் போகின்றன. 1924 இல் திறந்த பழைய லேடி மன்னிங் பாலத்தில் வாவிக் காற்றோடு நடக்கலாம். ரீச்சர்மார் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போனால் பார்வைக்கும் பேச்சுக்கும் கூச வேண்டியதில்லை, தெருநாய்க்கும் பயமில்லை. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் தங்கிப் படிப்பிக்கிறவர்கள் மட்டும் விடிய முன்னும் பொழுது பட்ட பிறகும் வீதியில் நடக்க வேண்டாம். யானை வரும் நேரம் அது. அவர்கள் பாடசாலை மைதானத்தையே நாலு சுற்றுச் சுற்றலாம்.

நடை மட்டும் போதும் என்று நிறுத்துவதும் தவறுதான். நாற்பதைத் தாண்டினால் தசை மெல்ல மெல்லக் கரையும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டலில் உள்ளதுதான். மேலே சொன்ன கதிரையும் சுவரும் அதற்குப் போதும், ஜிம்முக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கழிவறை சரியில்லாத பாடசாலைகளில் ஆசிரியைகள் பலர் காலையிலிருந்து ஒன்றரை மணி வரை தண்ணீர் குடிப்பதே இல்லை. பின்னேரம் வரும் தலையிடிக்கும் அசதிக்கும் இதுவும் ஒரு காரணம், பிறகு நடக்க மனம் வராது. கழிவறையைத் திருத்தித் தரச் சொல்லி அதிபரிடம் எல்லாருமாகச் சேர்ந்து கேளுங்கள். அதுவும் உடற்பயிற்சியைச் சேர்ந்த விஷயந்தான்.

அப்புறம், தவணை விடுமுறையில் ஆவேசமாகத் தொடங்கிப் பாடசாலை திறந்ததும் நிறுத்துவது. ஆடியில் உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடந்துவிட்டு, மிச்ச மாதங்கள் கதிரையில் இருப்பதும் இதே வகை. அந்த நடைக்கு ஒரு பெறுமதி உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நிறுத்திய சில வாரங்களிலேயே உடம்பு சேர்த்த பலத்தை இழக்கத் தொடங்கிவிடும். பாடசாலை நாட்களில் செய்யக்கூடிய அளவு எதுவோ, அதையே விடுமுறையிலும் செய்யுங்கள். ஐப்பசி முதல் தை வரை மழை பெய்யும், இல்ல விளையாட்டுப் போட்டி வரும், பரீட்சைக் கடமை வரும். அந்த நாட்களுக்கென்று வீட்டுக்குள் செய்யும் பதினைந்து நிமிடத்தை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போனால், விட்ட அளவில் பாதியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

பிரஷர், சீனி, இதய வருத்தம் உள்ளவர்கள் தொடங்குமுன் கிளினிக்கில் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடந்தால் சீனி சட்டென்று இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட ஒரு டொபி பையில் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ அங்கேயே நில்லுங்கள். "இண்டைக்குத் தவணைப் பரீட்சை, முடியட்டும் பார்ப்பம்" என்று பாடசாலைக்குப் போக வேண்டாம். 1990 க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.