இயர்பிளக் வழக்கு முடிந்துவிட்டது. செவித்திறன் இழப்பீட்டுக்கு இனி எப்படி விண்ணப்பிப்பது?

ஒரு முனை மஞ்சளாகவும் மறுமுனை கரும்பச்சையாகவும் இருந்த ‘காம்பாட் ஆர்ம்ஸ்’ இயர்பிளக்கை (இரைச்சலைத் தடுக்கும் காதடைப்பானை) 2003 முதல் 2015 வரை அமெரிக்கப் படையில் பயன்படுத்தியவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்டு குட்டையாக இருந்ததால் வெளிமுனையின் மடல் காதில் முட்டி, உள்ளே செருகிய முனை அணிந்தவருக்கே தெரியாமல் தளர்ந்துவிடுகிறது என்பதே வழக்கின் சாரம். அதை விற்ற 3எம் நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ 600 கோடி டாலருக்கு உடன்பட்டது. அதில் சேர்வதற்கான பதிவு முடிந்துவிட்டது. படைவீரர் நலத் துறையின் மாதாந்திர இழப்பீட்டுக்கு இப்போதும் விண்ணப்பிக்கலாம், அங்கே கருவியின் குறைபாட்டை நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில், விண்ணப்பிக்கப்போவதை முன்கூட்டித் தெரிவிக்கும் 21-0966 படிவத்தை அனுப்பிவிடுங்கள். ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தை அளித்து அது ஏற்கப்பட்டால், பொதுவாக அந்தத் தேதியிலிருந்தே நிலுவை கணக்கிடப்படும்.

அடுத்து படையிலிருந்து விடுபட்டதற்கான டிடி-214 சான்றையும் பணிக்கால மருத்துவப் பதிவுகளையும் திரட்டுங்கள். நான் தயங்கி நின்றது இங்கேதான்: படையிலிருந்து விடுபடும்போது எடுத்த பரிசோதனையில் ‘இயல்பு’ என்றிருந்தது. அதுவே கோரிக்கையை முடித்துவிடாது என்பதை 1993இல் ஹென்ஸ்லி வழக்கின் தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது. ஆகவே முடிவுச் சொல்லை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள்; சேர்ந்தபோது எடுத்த அளவுகளையும் விடுபட்டபோது எடுத்தவற்றையும் அருகருகே வைத்து, 3000, 4000 ஹெர்ட்ஸில் எத்தனை டெசிபல் ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள் (எண் ஏறினால் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள்). இன்றைய நிலையில் 500 முதல் 4000 வரையான ஐந்து அலைவரிசைகளில் ஏதேனும் ஒன்றில் 40 டெசிபலோ அதற்கு மேலோ, அல்லது குறைந்தது மூன்றில் 26 டெசிபலோ அதற்கு மேலோ, அல்லது சொல்லறியும் திறன் 94 விழுக்காட்டுக்குக் குறைவு என்றிருந்தால்தான் துறை அதைக் குறைபாடாக ஏற்கும். இரைச்சல் பெரிதும் தாக்கும் 6000 ஹெர்ட்ஸ் இக்கணக்கில் சேர்வதில்லை, இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

காதிரைச்சல் இருந்தால் அதைத் தனியாகக் கோருங்கள். ஒரு காதானாலும் இரு காதானாலும் 10 விழுக்காடு குறைபாட்டு மதிப்பீடு கிடைக்கும்; இழப்பீட்டுத் தொகை இந்த விழுக்காட்டைப் பொறுத்தது. செவித்திறன் இழப்புக்கோ பலருக்குப் பூஜ்ஜியம்தான் வருகிறது. எப்போது, எந்தப் பணியில் தொடங்கியது என்பதை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள்.

பிறகு முழு விண்ணப்பமான 21-526EZ படிவம். என் கருத்தில், அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கப் பிரதிநிதியே சிறந்த துணை. முதல் விண்ணப்பத்தைத் தயாரிக்கக் கட்டணம் கேட்பவரிடம் போகாதீர்கள், அதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

துறைக்காக நடக்கும் செவிப் பரிசோதனை செவித்துணைக் கருவி அணியாமல் நடக்கும். வெளியே எடுத்த அறிக்கையில் மேரிலாந்து சொற்பட்டியல் சோதனை (சொல்லறியும் திறனை அளப்பது) இல்லையென்றால் விழுக்காட்டை நிர்ணயிக்க அது உதவாது.

பின்சேர்க்கை: வழக்கில் பணம் பெற்றவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். விண்ணப்பிக்கலாம், இந்த இழப்பீடு வருமானத்தைப் பார்த்து வழங்கப்படுவதன்று. மறுக்கப்பட்டால், ஓராண்டுக்குள் புதிய சான்றுடன் துணைக் கோரிக்கைக்கான 20-0995 படிவத்தை அளித்தால் பழைய தேதி காப்பாற்றப்படும்.