எக்ஸ்டென்ஷன் கட்டிய வீட்டை விற்கப் போகிறீர்களா? கவுன்சிலுக்குப் போன் போட அவசரப்படாதீர்கள்

லண்டனில் நம்மவர்கள் வீடு வாங்கிக் கொஞ்ச நாளிலேயே பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் எழும்பிவிடும். பெரிய சமையலறை, சாமிப்படம் வைக்க ஒரு மூலை, ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கு ஓர் அறை. அதற்கான பேப்பரை யாரும் தேடுவதில்லை, விற்கும்போது வாங்குபவரின் சொலிசிட்டர் கேட்கும்வரை.

பலர் சறுக்குவது, பிளானிங் பெர்மிஷனையும் பில்டிங் ரெகுலேஷன்ஸையும் ஒன்றென்று நினைப்பதில். அந்த இடத்தில் அந்த அளவுக்குக் கட்டலாமா என்று பார்ப்பது பிளானிங். அஸ்திவாரம் தாங்குமா, தீப்பிடித்தால் தப்பிக்க வழியுண்டா, குளிர் உள்ளே வருமா என்று பார்ப்பது மற்றது. இங்கிலாந்தில் வரிசை வீட்டின் பின்னால் 3 மீட்டர், தனி வீடென்றால் 4 மீட்டர் வரை ஒரு தளம் நீட்டுவதற்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், பிளானிங் விண்ணப்பம் தேவையில்லை. "பெர்மிஷனே வேண்டாமாம்" என்று இதைப் பாதி கேட்டுவிட்டுக் கட்டியவர்கள் உண்டு. பில்டிங் ரெகுலேஷன்ஸ் அப்போதும் வேண்டும்.

இன்னொரு கூட்டம் விண்ணப்பித்திருக்கும், இன்ஸ்பெக்டரும் அஸ்திவாரத்தைப் பார்த்திருப்பார். கடைசிப் பரிசோதனைக்கு மட்டும் யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் கோப்பு பாதியில் நிற்கும். சொலிசிட்டர் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

அது இல்லையென்று தெரிந்ததும் நேர்மையானவர்கள் செய்யும் முதல் வேலை கவுன்சிலைக் கூப்பிட்டு விசாரிப்பது. அந்த ஒரு அழைப்பே ஒரு கதவை மூடிவிடலாம். சான்றிதழ் இல்லாததால் பின்னால் சிக்கல் வந்தால் ஈடுகட்ட எடுப்பது இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ். அதைத் தரும் நிறுவனங்கள், இந்த வேலையைப் பற்றி யாரும் கவுன்சிலிடம் பேசியிருக்கக்கூடாது என்பதை வழக்கமாக நிபந்தனையாக வைக்கின்றன. ஆகவே முதலில் உங்கள் சொலிசிட்டரிடம் பேசுங்கள். ஆனால் அந்த பாலிசியும் சர்வரோக நிவாரணி இல்லை. கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்துக்குத்தான் அது. உத்தரம் தொய்ந்தால் ஒரு பென்னியும் வராது. வாங்குபவர் விவரமானவராக இருந்தால் அதை ஏற்க மறுப்பார், மறுப்பதும் நியாயமே.

மற்ற வழி ரெகுலரைசேஷன், அதாவது முன்பே கட்டியதற்குப் பின்னால் ஒப்புதல் வாங்குவது. 1985 நவம்பர் 11க்குப் பிறகு அனுமதியின்றி நடந்த வேலைகளுக்கு இது பொருந்தும். கவுன்சிலிடம்தான் போக வேண்டும், தனியார் இன்ஸ்பெக்டர் தர முடியாது. சுவர்ப் பூச்சை உடைத்துக் காட்டு, அஸ்திவாரத்தின் ஓரம் தோண்டு என்று கேட்கக்கூடும். செலவும் நாளும் ஆகும் என்பதால் வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் முன்பே தொடங்குவது நல்லது.

"ஒரு வருடம் தாண்டிவிட்டது, இனி கவுன்சில் தொடாது" என்ற பழைய ஆறுதலை நம்பாதீர்கள். கட்டியதை இடிக்கவோ திருத்தவோ நோட்டீஸ் தரும் கால வரம்பு 2023 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் 10 வருடம்.

விற்பனைப் படிவத்தில் எக்ஸ்டென்ஷனைப் பற்றி மழுப்பி எழுதுவதும் ஆபத்து. பிறகு வாங்கியவர் வழக்குப் போடலாம். 2002 ஏப்ரலுக்குப் பின் மாற்றிய ஜன்னல்கள், 2005 ஜனவரிக்குப் பின் இழுத்த புது மின்சுற்று, பாய்லர் ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ் கேட்பார்கள். அவற்றின் நகல் எளிதாகவே கிடைக்கும்.

இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பில்டரிடம் தொடக்கத்திலேயே பேசிவையுங்கள்: நிறைவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை.